இறாற்குஞ்சின் வெண்வால் நோய்: சோதனை எங்கே தொடங்குவது?

நெல்லுக்கு விதை எவ்வாறோ, அவ்வாறே இறாலுக்குக் குஞ்சு. விதைநெல் வாங்கும் உழவர் ஒரு பிடியைக் கையில் அள்ளிப் பார்ப்பார். பதரைப் புடைத்து நீக்குவார். உப்புநீரில் இட்டு மிதப்பதைக் கழிப்பார். ஐயம் தீராவிடில் ஈரச் சாக்கில் முளைகட்டியும் பார்ப்பார். இறாற்குஞ்சு வாங்குபவருக்கு இத்தகைய வழி ஒன்றும் இல்லை. பிராணவாயு நிரப்பிய பிளாஸ்டிக் பையில், ஒரு சென்டிமீட்டர் நீளமும் தேறாத, கண்ணாடி போன்ற உடலையுடைய சிற்றுயிர்கள் ஆயிரக்கணக்கில் துள்ளிக்கொண்டிருக்கும். அவர் காணும் நலச்சான்று அத்துள்ளல் ஒன்றே. அதனை நம்பிக் குளத்தில் விட்டபின் சில நாட்களுக்குள் குஞ்சுகள் வெளுத்து மடியுமாயின், குற்றம் தம் குளத்து நீரினதா, பையில் வந்த உயிரினதா என்று அறியவும் அவருக்கு வகையில்லை.

நன்னீர் இறால் வளர்ப்பில் இவ்வாறு நேர்ந்த பேரிழப்புகளுக்கு ஒரு பெருங்காரணம் வெண்வால் நோய். இந்நோய் முதன்முதலாக 1997ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான குவாதலூப்பில் அறியப்பட்டது; பின்னர் அண்டைத் தீவாகிய மார்த்தினிக்கிலும் தோன்றியது. அதன் பிறகு சீனம், இந்தியா, தைவான், தாய்லாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலிருந்தும் செய்திகள் வந்தன. இந்தியப் பொரிப்பகங்களில் இந்நோய் கண்ட ஆய்வு 2004இல் வெளியாயிற்று. அவ்வாய்வில் முன்னின்றது தமிழகத்து மேல்விசாரத்தில் உள்ள அப்துல் ஹக்கீம் கல்லூரி ஆகும். அக்கல்லூரியின் ஆய்வுக்கூடம் பின்னர் இந்நோய்க்குரிய உலகச் சான்றாய்வகமாக ஏற்கப்பட்டது. தலைநகர்களில் உள்ள பேராய்வகங்களே இத்தகைய பணிக்கு உரியன என்று எண்ணுவோர் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

நோயின் தோற்றம் எளிதில் விளங்கக்கூடியது. குஞ்சு முதலில் சோர்வுறும். வயிற்றுப் பகுதியின் இரண்டாம் அல்லது மூன்றாம் கணுவில் தசை பால்போல் வெளுக்கும். அவ்வெண்மை அங்கிருந்து முன்னும் பின்னுமாகப் பரவும். நோய் முற்றினால் வால் மடல்கள் சிதையும். வெண்மை தோன்றிய நான்கைந்து நாட்களுக்குள் ஒரு தொட்டியின் குஞ்சுகள் முழுவதும் மடிந்துபோதல் உண்டு. பதினைந்து நாட்களைத் தாண்டிப் பிழைப்பவை மிகச் சில. ஆனால் அவ்வாறு பிழைத்தவை மற்ற இறால்களைப் போலவே வளர்ந்து விற்பனை அளவை எட்டிவிடும். இந்தக் கடைசிச் செய்தி மகிழ்ச்சி தருவதுபோல் தோன்றும். உண்மையில் இடர் முழுவதும் அதில்தான் உள்ளது. அது பின்னர் விளங்கும்.

நோய்க்குக் காரணம் நோடா வைரசு எனப்படும் நச்சுயிர். அதன் விட்டம் 26 அல்லது 27 நானோமீட்டர். அதாவது ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறக்குறைய முப்பத்தேழாயிரம் வைரசுகளை வரிசையாக அடுக்கலாம். இதனுடன் பெரும்பாலும் இன்னொன்றும் சேர்ந்தே காணப்படும். அதன் விட்டம் 15 நானோமீட்டரே. தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ளும் கருவி அதற்கு இல்லை. பெரியதன் கருவியைக் கடன் வாங்கியே பெருகுகின்றது. ஒட்டுண்ணியின்மேல் ஒட்டி வாழும் ஒட்டுண்ணி என்று இதனைக் கூறலாம். நோயை விளைவிப்பதில் இச்சிறியதற்கு உள்ள பங்கு யாதெனினும், குஞ்சு வாங்கும் உழவருக்கு வேண்டுவது இரண்டும் இல்லாத குஞ்சே.

இந்நோய் ஆற்றில் இயற்கையாக வாழும் இறாலிடம் இவ்வளவு கொடுமை காட்டாமல் பொரிப்பகத்தில் மட்டும் ஏன் சீறி எழுகின்றது என்பதை அறிய, இவ்விறாலின் வாழ்க்கையைச் சிறிது நோக்குதல் வேண்டும். மேக்ரோபிராக்கியம் ரோசன்பெர்கியை என்னும் இப்பெரிய நன்னீர் இறால், வளர்ந்தபின் ஆற்றிலும் ஏரியிலும் வாழ்வது. ஆயின் அதன் லார்வா நன்னீரில் சில நாட்களுக்குமேல் உயிர்வாழ மாட்டாது. முட்டை தாங்கிய தாய் ஆற்றின் போக்கில் இறங்கி, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகத்தை அடைந்து குஞ்சு பொரிக்கின்றது. வால் முன்னாகவும் உடல் தலைகீழாகவும் நீந்தும் அந்த லார்வா பதினொரு பருவங்களைக் கடந்த பின்னரே, நிமிர்ந்து நீந்தும் குஞ்சாக மாறி மீண்டும் ஆற்றை நோக்கி ஏறும். இவ்வுண்மை அறியப்படாதிருந்த வரையில் இவ்விறாலைத் தொட்டியில் பொரிக்கும் முயற்சிகள் கைகூடவில்லை. 1960களின் தொடக்கத்தில் மலேயாவில் ஆய்வு செய்த ஷாவ்-வென் லிங் என்னும் அறிஞரே லார்வாவுக்கு உவர்நீர் வேண்டும் என்று கண்டவர். மலேயாவிலிருந்து 1965இல் தருவித்த தாய் இறால்களைக் கொண்டு ஹவாயில் ஃபுஜிமுரா என்பார் குஞ்சுகளைப் பெருவாரியாக உண்டாக்கும் முறையை வகுத்தார். இன்றைய பொரிப்பகங்கள் எல்லாம் இவ்விருவர் வழியில் வந்தவையே.

கழிமுகத்தின் பரந்த நீரில் சிதறி வாழ வேண்டிய லார்வாக்கள் பொரிப்பகத் தொட்டியில் லிட்டருக்கு ஐம்பது, சில இடங்களில் நூறு என்ற அளவில் நெருக்கப்படுகின்றன. நீரின் வெப்பம் 28 முதல் 31 பாகை வரையில் காக்கப்படுகின்றது. நலிந்ததை வலியது தின்னும். இறந்ததை இருப்பது தின்னும். ஆற்றில் ஒரு நோயுற்ற லார்வா மீனுக்கு இரையாகி, நோயும் அதனோடு ஒழிந்துபோதல் கூடும். தொட்டியில் அதுவே நூறு உயிர்களுக்குத் தொற்றை ஊட்டும். வைரசு புதியதாயினும் பழையதாயினும், அதற்கு இத்தகைய விருந்து இட்டது மனிதன் கட்டிய தொட்டியே.

இனி, நோய் தொட்டிக்குள் எவ்வாறு நுழைகின்றது? நீரின் வழியாக நுழையலாம். கருவிகளின் வழியாக நுழையலாம். லார்வாக்களுக்கு இரையாக இடும் ஆர்ட்டீமியா என்னும் உப்புநீர்ச் சிற்றுயிரும் வைரசைச் சுமக்க வல்லது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. நீர்வாழ் பூச்சிகள் சிலவும் அவ்வாறே. ஆனால் இவையனைத்திலும் முதன்மையான வாயில் தாய்தான். வளர்ந்த இறாலை இவ்வைரசு கொல்வதில்லை. நோய்க்குறி எதனையும் காட்டுவதுமில்லை. தாய் நீல நிறக் கால்களை வீசித் திடமாக நடக்கும், இரை எடுக்கும், முட்டையும் நிறைய இடும். அதன் சூலகத்திலோ வைரசு குடியிருக்கும். அங்கிருந்து முட்டையின் வழியே லார்வாவை அடையும். முன்னர்க் கூறிய, நோயில் பிழைத்து விற்பனை அளவை எட்டும் குஞ்சுகளின் இடர் இதுவே. வளர்ப்புக் குளத்தில் நன்கு பருத்த பெண் இறாலையே தாயாகத் தெரிந்தெடுக்கும் பொரிப்பகம், முன்னைய நோயில் தப்பிய ஒன்றைத் தன் கையாலேயே தேர்ந்தெடுத்து வீட்டுக்குள் கொணரும்படி ஆகலாம்.

தாயைத் தண்ணீர்த்துறையில் பார்த்தால் மகளை வீட்டில் பார்க்க வேண்டாம் என்பது ஊரார் வழக்கு. இவ்விறாலிடம் அப்பழமொழி பொய்க்கின்றது. துறையில் பார்த்து அறியத்தக்க குறை எதுவும் இத்தாயிடம் இல்லை.

நோய் வந்தபின் செய்யத்தக்கது மிகச் சிறிது. இவ்வைரசுக்கு மருந்து கிடையாது. விற்பனைக்கு வந்த தடுப்பு மருந்தும் கிடையாது. இருந்தும் குஞ்சுகள் வெளுத்தவுடன் தொட்டியில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொட்டும் பழக்கம் சிலரிடம் உண்டு. அம்மருந்துகள் பாக்டீரியாவை அழிப்பன, வைரசைத் தீண்டாதன. செலவு வீண் என்பதோடு, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உருவாவதற்கும் அது வழி செய்யும். மற்றொரு குழப்பமும் உண்டு. இறாலின் தசை வெளுப்பது எல்லாம் இவ்வைரசால் அன்று. வெப்பமோ உப்பளவோ திடீரென மாறுதல், பிராணவாயுக் குறைவு, சில பாக்டீரியாத் தொற்று ஆகியவற்றாலும் தசை வெளுக்கும். கண்ணால் கண்டு நோய்க்குப் பெயரிடுவது இங்கே ஊகமேயன்றி வேறன்று.

ஆகவே சோதனை வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. எதனைச் சோதிப்பது என்பதிலேதான் வழக்கம் தடம் மாறிச் செல்கின்றது. குஞ்சு விற்பனைக்கு ஆயத்தமான பிறகு, அதில் ஒரு கைப்பிடியை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சான்று பெறுவதே பலருக்கும் எளிய வழியாகத் தோன்றுகின்றது. அது போதாது என்பதைக் கணக்கே காட்டும். ஒரு தொட்டியில் நூற்றுக்கு இரண்டு குஞ்சுகளிடம் தொற்று இருப்பதாகக் கொள்வோம். அங்கிருந்து 30 குஞ்சுகளை எடுத்துச் சோதித்தால், தொற்றுள்ள ஒன்றேனும் அதில் அகப்படும் வாய்ப்பு நூற்றுக்கு 45 அளவே. பாதிக்கு மேற்பட்ட தடவை அத்தொட்டி 'நோயற்றது' என்ற சான்றுடன் வெளியேறும். நூற்றுக்கு 95 என்னும் நம்பிக்கை வேண்டுமாயின் 150 குஞ்சுகளை எடுத்தல் வேண்டும். சோதனையில் பிழையே நேராது என்று கொண்டு போட்ட கணக்கு இது. தொட்டியின் ஒரு மூலையில் வலையை வீசி எடுத்த கைப்பிடியில், சோர்ந்து அடியில் கிடப்பவை சேர்வதும் அரிது. இதனையும் கூட்டினால் சான்றின் மதிப்பு இன்னும் குறையும்.

தாயைச் சோதிப்பதோ வேறு வகை. நன்கு முதிர்ந்த தாய் ஒரு முறையில் எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை முட்டை இடும். முதல் ஈடுகளில் ஐயாயிரம் முதல் இருபதாயிரம் வரை. எவ்வாறாயினும், ஒரு தாயைப் பற்றிய விடை பல்லாயிரம் லார்வாக்களைப் பற்றிய விடையாகும். அதனைக் கொல்லவும் வேண்டுவதில்லை. வயிற்றின் கீழுள்ள நீந்துகால்களில் வைரசு காணப்படுவதால், அக்கால் ஒன்றின் சிறு நுனியை வெட்டி எடுத்தாலே போதும். முட்டைகள் முதல் நான்கு இணைக் கால்களில்தான் ஒட்டியிருக்கும். ஆகவே முட்டை தாங்கிய தாயிடமும் ஐந்தாம் இணையில் கை வைக்கலாம். அந்நுனியில் வைரசின் மரபுப்பொருள் உண்டா என்பதைப் பி.சி.ஆர். எனப்படும் தொடர்வினைச் சோதனை காட்டிவிடும்.

இங்கே ஆய்வகத்தாருக்கும் ஓர் எச்சரிக்கை தேவை. கடல் இறாலின் வைரசுகளில் சிலவற்றைச் செரிப்புச் சுரப்பியில் தேடுவது வழக்கம்; கறுப்பு வரி இறாலின் பாக்குலோ வைரசு அத்தகையது. வெண்வால் நோயின் வைரசு செரிப்புச் சுரப்பியில் தங்குவதில்லை. கண் காம்பிலும் தங்குவதில்லை. பழகிய கையால் பழைய உறுப்பையே அறுத்துப் பார்ப்பவர், நோயுள்ள இறாலுக்கும் நலச்சான்று தந்துவிடுவார். கருவி வாங்குவதற்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு கையைப் பழக்குவதற்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

முட்டையைக் கழுவினால் போதாதா என்று கேட்போர் உளர். கேள்வி பொருளற்றதன்று. ஜப்பானில் குருமா இறாலின் லார்வாக்களைக் கொன்ற நடுக்குடற் சுரப்பி நோயை, 1970களில் தொடங்கி வாட்டிய அவ்வைரசை, முட்டைகளைத் தூய கடல்நீரில் கழுவியே பெரிதும் அடக்கினர். அங்கே வைரசு தாயின் கழிவோடு வெளிவந்து முட்டையின்மேல் படிந்திருந்தது, கழுவினால் நீங்கிற்று. மேலும் குருமா இறால் முட்டையை நீரில் உதிர்த்துவிடும் இனம். நன்னீர் இறாலோ முட்டையைத் தன் காலோடு ஒட்டி வைத்து ஏறக்குறைய இருபது நாள் அடைகாப்பது. அத்தனை நாளும் முட்டையும் தாயும் ஓருடல் போன்றவை. சூலகத்திலேயே குடிகொண்ட வைரசுக்குக் கழுவுதல் துணை மருந்தாகலாம், முதல் மருந்தாகாது.

தாயிலிருந்து இளவுயிருக்கு நோய் செல்வதும், செயற்கைப் பொரிப்பகம் அதனைப் பெருக்குவதும் இறாலுக்கு மட்டும் உரியவை அல்ல. 1991இல் பிரான்சிலும் நியூசிலாந்திலும் பொரிப்பகங்களில் சிப்பியின் லார்வாக்கள் ஹெர்ப்பிசு வகை வைரசால் திரளாக மடிந்தன. அவ்வைரசின் புதிய வடிவம் ஒன்று 2008 முதல் பிரெஞ்சுக் கரையில் வளர்ப்புச் சிப்பிகளின் இளங்குஞ்சுகளைப் பேரளவில் அழித்தது. அங்கும் வளர்ந்த சிப்பி நோய்க்குறி காட்டாமலே வைரசைச் சுமக்க வல்லது என்று கண்டனர். தாயின் தோற்றத்தை நம்பலாகாது என்ற பாடத்தை ஓட்டுடலிகளின் இரு பெருங்கிளைகளும் தனித்தனியே கற்பித்திருக்கின்றன.

இந்தியாவிலும் இப்பாடம் புதிதன்று. 1994ஐ ஒட்டி வெண்புள்ளி வைரசு நம் கடலோர இறால் பண்ணைகளைச் சூறையாடிய பின்னர், தாய் இறாலைச் சோதிக்கும் பழக்கம் மெல்ல வேரூன்றிற்று. 2009இல் அயல்நாட்டு வெள்ளைக்கால் இறாலை வளர்க்க இசைவு அளித்தபோது, குறித்த நோய்கள் இல்லாத தாய் இறால்களே வரவேண்டும் என்றும், வந்தவை சென்னை நீலாங்கரையில் அமைத்த தனிமைக் காப்பகத்தில் தங்கிச் சோதனைக்கு உட்பட வேண்டும் என்றும் அரசு விதித்தது. விருந்தினருக்கு வாயிலில் காவல் வைத்தது முறையே. ஆனால் நன்னீர் இறாலின் தாய் எந்த நாட்டெல்லையையும் கடப்பதில்லை. கோதாவரிக் கழிமுகத்திலிருந்தோ, நெல்லூர்ப் பக்கத்துக் குளத்திலிருந்தோ ஒரு வண்டியில் ஏறி அடுத்த ஊர்ப் பொரிப்பகத்தில் இறங்குகின்றது. எல்லைக் காவல் அதன் கண்ணில் படுவதே இல்லை.

இதனால் நாட்டுக்கு நேர்ந்த இழப்பு சிறிதன்று. 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தியாவின் நன்னீர் இறால் விளைச்சல் நாற்பதாயிரம் டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பங்கு ஆந்திரத்தினது. 2010க்குள் அது நாலில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்தது. சரிவின் பழி முழுவதையும் வெண்வால் நோயின்மேல் சுமத்துதல் நேர்மையாகாது. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததால் குஞ்சின் வளர்ச்சி குன்றியதும், விரைந்து வளரும் வெள்ளைக்கால் இறால் வந்து உழவர் மனத்தை ஈர்த்ததும் உடன்காரணங்கள். ஆனால் இவற்றுள் முதலிரண்டும், அதாவது நோயும் குன்றிய வளர்ச்சியும், தாயைத் தேரும் இடத்தில் செய்த பிழையிலிருந்தே கிளைத்தவை என்பதை மறுத்தல் அரிது. புவனேசுவரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு நிறுவனம் 2007இல் தொடங்கிய இனமேம்பாட்டுப் பணியின் பயனாக, விரைந்து வளரும் இறால் குலம் இப்போது உருவாகியுள்ளது. வளர்ச்சிக்காகத் தேர்ந்த அக்குலம் சோதனையற்ற தாய்களோடு ஒரே பொரிப்பகத்தில் கலக்குமாயின், பல்லாண்டு உழைப்பு சில நாட்களில் வெளுத்துப் போகும்.

2013 முதல் நீர்வாழ் உயிர்களின் நோய்களுக்கென ஒரு தேசியக் கண்காணிப்புத் திட்டம் நடைபெற்று வருகின்றது. எந்த மாவட்டத்தில் எந்நோய் கண்டது என்று அறிய அது பெரிதும் உதவும். எனினும் கண்காணிப்பு என்பது தீ எங்கே பிடித்தது என்று சொல்வது. அடுப்படியில் சுள்ளியை விலக்கி வைப்பது வேறு வேலை. அந்த வேலைக்குப் பொரிப்பகத்தாரின் ஒத்துழைப்பு வேண்டும். அதனை அறிவுரையால் மட்டும் பெற இயலாது. இன்றுள்ள நிலையில், தொட்டியில் நோய் கண்டவுடன் குஞ்சுகளைக் குளோரின் இட்டு அழிக்கும் பொரிப்பகத்தார், தம் இழப்பைத் தாமே சுமக்கின்றார். விரைந்து பையில் அடைத்து விற்றுவிடுபவர் அவ்விழப்பை உழவரின் தோளுக்கு மாற்றிவிடுகின்றார். நல்லவருக்குத் தண்டமும் மற்றவருக்கு ஊதியமும் கிடைக்கும் ஏற்பாட்டை, விளக்கத் துண்டறிக்கைகளால் திருத்த முடியாது. ஒவ்வொரு பையும் எந்தத் தொட்டியிலிருந்து வந்தது, அத்தொட்டிக்கு எந்தத் தாய்கள், அவற்றின் சோதனை எந்நாளில் நடந்தது என்ற விவரம் பையோடு செல்ல வேண்டும். அவ்விவரம் இல்லாத குஞ்சுக்கு அரசின் மானியமோ கடனோ காப்பீடோ பொருந்தாது என்று ஆக்கினால் போதும். தனிச் சட்டம் ஒன்று வகுக்கும் வரையில் காத்திருக்க வேண்டுவதில்லை.

சோதனைக்குச் செலவு ஆகுமே என்பது பொரிப்பகத்தார் கூறும் தடை. அது மெய்யே. ஆனால் விலக்கப்படும் தாயையும் அழிக்கப்படும் தொட்டியையும் ஒரே தராசில் வைத்தல் கூடாது. நோயுற்ற தொட்டியில் நீர், மின்சாரம், ஆர்ட்டீமியா, ஒரு மாதக் கூலி அனைத்தும் சாக்கடைக்குப் போகும். வைரசு உள்ள தாயோ உணவுக்கு உகந்த இறாலே. இவ்வைரசு மனிதருக்குத் தீங்கு செய்வதாக அறியப்படவில்லை. தாயின் விலைக்கும் சந்தையில் எடைக்கு விற்கும் விலைக்கும் உள்ள வேற்றுமையே பொரிப்பகத்தாரின் இழப்பு. ஒன்று மட்டும் கவனித்தல் வேண்டும்: விலக்கிய தாயை உயிருடன் வெளியே அனுப்புதல் ஆகாது. பனிக்கட்டியில் இட்டபின்னரே அது சந்தைக்குச் செல்ல வேண்டும். அது இருந்த நீரையும் குளோரின் கலந்து ஒரு நாள் நிறுத்திய பின்னரே வாய்க்காலில் திறந்துவிட வேண்டும்.